நாக்அவுட் சுண்டெலிகள் 3 கிராம் குறைவு: மரபணுவா, என் கூண்டா?

மதிவதனி
செவ்வாய், இரவு 11:40

வணக்கம். பிஎச்டி இரண்டாம் ஆண்டு மாணவி. இத்தனை நாள் இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இதுதான் முதல் கேள்வி, நீளம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேபில் ஒரு மரபணுவை நீக்கிய, அதாவது நாக்அவுட், சுண்டெலி வரிசை இருக்கிறது. எந்த மரபணு என்று கேட்காதீர்கள், அதை நீக்கியது போல கைடு என்னையும் நீக்கிவிடுவார். எட்டு வாரத்தில் ஆண்களை எடை போட்டேன். நாக்அவுட் 9 எலிகள், சராசரி 21.3 கிராம். சாதாரண எலிகள் 8, சராசரி 24.6. டி-டெஸ்டில் பி மதிப்பு 0.01-க்குக் கீழே, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத வித்தியாசம். கைடு எக்செல் ஷீட்டைப் பார்த்த அதே நிமிடம் "உடல் எடையைக் கட்டுப்படுத்தும் புதிய மரபணு" என்று தலைப்பு வைத்துவிட்டார். லேபில் ஸ்வீட் வாங்காத குறைதான்.

எனக்கு உறுத்துவது இது. ஒரே கூண்டில் ஒரே லிட்டரில், அதாவது ஒரே ஈற்றில், பிறந்த நான்கு அண்ணன் தம்பிகள். நான்கும் நாக்அவுட். ஒன்று 19.8, இன்னொன்று 23.4. ஒரே மரபணு, ஒரே பெல்லெட், ஒரே தண்ணீர் பாட்டில். ஒரே கூண்டுக்குள் 3.6 கிராம் வித்தியாசம் தானாக வரும்போது, 3.3 கிராமை ஒரு மரபணுவின் தலையில் கட்டலாமா?

மற்ற விவரங்கள்: நாக்அவுட் ஆணையும் நாக்அவுட் பெண்ணையும் ஜோடி சேர்த்தே வரிசையை வளர்க்கிறோம், அப்படித்தான் எனக்கு முன்னால் இருந்த அக்கா வைத்திருந்தார். முதலில் 129 என்ற எலி வகையின் ஸ்டெம் செல்லில் செய்தது, பிறகு பிளாக் 6 என்ற எலி வகையோடு நான்கு முறை பேக்கிராஸ் (அதே வகையோடு திரும்பத் திரும்பக் கலப்பு) செய்ததாக நோட்டில் இருக்கிறது. சாதாரண எலிகளை ஆறாவது வாரத்தில் வெளியிலிருந்து வாங்கினோம். இரண்டையும் ஒரே அறையில்தான் வைத்திருக்கிறோம்.

நான் எங்கே தப்பு செய்கிறேன், அல்லது செய்யவில்லை?

பிவால்யூ
புதன், காலை 7:15

இரண்டு கேள்வி. வாங்கியது பிளாக் 6-இல் 6ஜே கிளையா, 6என் கிளையா? அந்த 9 எலிகளும் எத்தனை லிட்டரிலிருந்து வந்தவை?

இரண்டாவதுதான் முக்கியம். ஒரே வீட்டிலிருந்து ஒன்பது பேர் வந்து சாட்சி சொன்னாலும் அது ஒரு வீட்டுச் சாட்சிதான். மூன்று தாய்களின் குட்டிகள் என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 9 இல்லை, 3-க்குப் பக்கத்தில்.

மதிவதனி
புதன், காலை 9:02

வாங்கியது 6என். எங்கள் வரிசையை பேக்கிராஸ் செய்தது 6ஜேயோடு. லிட்டர்… இரண்டுதான். ஒன்றில் 10 குட்டி, மற்றதில் 11. எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

கூண்டுக்காரர்
புதன், மாலை 6:48

மதி அம்மா, அந்த உறுத்தலை விடாதீர்கள். உங்கள் பி மதிப்பை விட அதற்கு மதிப்பு அதிகம்.

நான் விஞ்ஞானி இல்லை. 27 வருடம் ஓர் ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் இருந்தேன். கூண்டு கழுவும் வேலையில் சேர்ந்து பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன். பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்டதே பாதி தற்காப்புக்குத்தான். எலியின் எடையில் எது குறைந்தாலும் மாணவர்கள் முதலில் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள், பதில் சொல்ல வேண்டுமே.

உங்கள் கணக்கில் முதலில் என் கண்ணில் பட்டது குட்டி இல்லை, தாய். நாக்அவுட்டையும் நாக்அவுட்டையும் சேர்த்தால் குட்டிகள் மட்டுமா நாக்அவுட்? பால் கொடுக்கிறவளும் நாக்அவுட். அவளுக்குப் பால் குறைவாகச் சுரக்கலாம், கூடு ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் இருக்கலாம், குட்டிகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்காமல் விட்டுவிடலாம். குட்டி இளைத்திருந்தால் அது குட்டியின் மரபணுவால் இளைத்ததா, தாயின் மரபணுவால் இளைத்ததா என்று உங்கள் ஏற்பாட்டில் பிரிக்கவே வழியில்லை. அதற்கு மேல் 10, 11 குட்டி உள்ள லிட்டர்கள். சுண்டெலித் தாய்க்குப் பத்து முலைக்காம்பு. 5 குட்டி குடித்த பாலுக்கும் 11 குட்டி பங்கு போட்ட பாலுக்கும் உள்ள வித்தியாசம் பால்குடி மறக்கும் மூன்றாவது வாரத்தில் கண்ணாலேயே தெரியும், தராசு வேண்டாம். நீங்கள் வாங்கி வந்த எலிகள் எத்தனை பேரோடு பிறந்தவை? விற்றவர் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் 6ஜே, 6என் சமாச்சாரம். பெயர் ஒன்று போல இருப்பதால் ஒரே எலி என்று நினைத்துவிடுகிறோம். 1951-ல் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போன கிளைதான் 6என். அன்றைக்குப் பிரிந்த பங்காளிகள். அதற்கப்புறம் அவரவர் வீட்டில் அவரவர் சடுதிமாற்றம். 6ஜேயில் என்என்டி என்ற மரபணுவில் ஒரு துண்டே காணோம், 6என்னில் அது முழுதாக இருக்கிறது. இன்சுலின், சர்க்கரை சம்பந்தப்பட்ட வேலை செய்கிறவர்கள் இதில் பல வருடம் அடிபட்டிருக்கிறார்கள். உங்கள் நாக்அவுட் 6ஜே பக்கம், ஒப்பிடுகிற கன்ட்ரோல் எலிகள் 6என் பக்கம். போதாததற்கு 129-இன் மிச்சம் வேறு. எஃப்1 என்ற முதல் கலப்புத் தலைமுறைக்குப் பிறகு நான்கு முறை பேக்கிராஸ் என்றால் பதினாறில் ஓர் இடத்தில் இன்னும் 129-இன் சாயல் இருக்கும். பத்து முறை செய்தால் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் நீக்கிய மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள துண்டு அவ்வளவு லேசில் போகாது. பத்து தலைமுறை கழித்தும் சுமார் 20 சென்டிமார்கன் (குரோமோசோமில் தூரத்தை அளக்கும் மரபியல் அளவு) நீளம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும், அதில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். நீங்கள் மாற்றியது ஒரு வீட்டை, மாறியிருப்பது தெருவே.

பின்னணி, அதாவது நீக்கிய மரபணு போக மீதி மரபணுக்கள், என்ன பெரிசாகச் செய்துவிடும் என்று உங்கள் கைடு கேட்பார். அவருக்கு ஓபி, டிபி எலிகளின் கதையைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பாதிதான் தெரியும்.

1949 கோடையில் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில், ஜாக்சன் ஆய்வகத்தில், ஒரு கூண்டில் சில எலிகள் மட்டும் ஊதிப்போயிருந்தன. முதலில் சினை என்று நினைத்தார்களாம். குட்டி போடவில்லை, ஊதிக்கொண்டேதான் போயின. அதுதான் ஓபி, அதாவது ஒபீஸ். 1950-ல் இங்கால்ஸ், டிக்கி, ஸ்னெல் மூவரும் அதை எழுதினார்கள். பதினைந்து வருடம் கழித்து அதே ஆய்வகத்தில் இன்னொரு குண்டு எலி கிடைத்தது, அதற்குக் கடுமையான சர்க்கரை நோயும் இருந்ததால் டயாபடீஸ், சுருக்கமாக டிபி என்று பெயர் வைத்தார்கள். ஓபி குண்டாக இருக்கும், சர்க்கரை கொஞ்சம் ஏறும், வாழும். டிபிக்கு சர்க்கரை எகிறும், சீக்கிரம் செத்துப்போகும். இரண்டும் வேறு வேறு நோய் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கே டக்ளஸ் கோல்மன் என்று ஒருவர். கனடாக்காரர், ஓரிரு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டார். அவர் செய்த காரியத்தில் பாதிதான் பாடப்புத்தகத்தில் வரும்: இரண்டு எலிகளை விலாவோடு விலா சேர்த்துத் தைத்தார், ஒன்றின் ரத்தம் மெல்ல மற்றதுக்குப் போகும்படி. டிபியோடு சேர்த்த சாதாரண எலி தீனியைத் தொடாமல் பட்டினியில் செத்தது. டிபியோடு சேர்த்த ஓபியும் அப்படியே செத்தது. சாதாரண எலியோடு சேர்த்த ஓபி மட்டும் தீனியைக் குறைத்துக்கொண்டது. அப்படியென்றால் "போதும்" என்று சொல்கிற ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது, ஓபிக்கு அது சுரப்பதில்லை, டிபிக்கு அது ஏராளமாக இருந்தும் காதில் விழுவதில்லை. அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க 1994 ஆயிற்று. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு ஓபி மரபணுவைப் பிடித்தது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கிற புரதம், லெப்டின் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் ஒல்லி என்று பொருள். டிபியில் கெட்டிருந்தது அந்த லெப்டினை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டர்.

இனி யாரும் சொல்லாத பாதி. ஓபியை வைத்து வளர்த்தது பிளாக் 6ஜே பின்னணியில், டிபி வந்தது பிளாக் கேஎஸ் என்ற பின்னணியில். கோல்மன் இரண்டையும் ஒரே பின்னணிக்கு மாற்றிப் பார்த்தார். இரண்டு எலியும் அச்சு அசல் ஒன்று போல ஆகிவிட்டன! 6ஜேயில் வைத்தால் இரண்டும் குண்டு, சர்க்கரை மிதம். கேஎஸ்ஸில் வைத்தால் இரண்டும் சர்க்கரையில் சாகிறவை. வேறு நோய் போலக் காட்டியது மரபணு இல்லை, பின்னணி. அந்த கேஎஸ்ஸும் சுத்த பிளாக் 6 இல்லை, எப்போதோ டிபிஏ வகை எலியின் ரத்தம் கலந்திருக்கிறது என்று பிற்பாடு டிஎன்ஏ பார்த்துச் சொன்னார்கள். எந்த இரவில் எந்தக் கூண்டின் மூடி சரியாக மூடவில்லையோ. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போது முதுகு சில்லிடும்.

ஓபி எலிகளை நானும் சில வருடம் பார்த்துக்கொண்டேன். நான்கு வாரம் வரை கூடப் பிறந்ததுகளோடு வித்தியாசம் தெரியாது. அதன் பிறகு வாரா வாரம் அகலமாகும். சாதாரண எலியைத் தராசுக்கு எடுக்க வாலைப் பிடித்தால் துள்ளும், உள்ளங்கையைக் கடிக்கும். ஓபி ஓடாது. இட்லித் தட்டில் ஊற்றிய மாவு மாதிரி பரவி உட்கார்ந்து நம்மையே பார்க்கும். 50 கிராம் தாண்டி, 60 தாண்டி. அதைத் தொட்டால் குளிர்ந்திருக்கும், உடம்பில் சூடு நிற்காது. குளிர் அறையில் விட்டால் சில மணி நேரத்தில் போய்விடும். படுக்கைத் தூளை மற்றக் கூண்டுகளை விட அடிக்கடி மாற்ற வேண்டும்.

அந்த மாதிரி ஒரே மரபணு எடையை இரண்டு மூன்று மடங்காக்குவது அபூர்வம். எடையின் பெரும்பகுதி சில்லறைதான். கூடேல் என்பவர் 60 நாள் எடையில் பெரிசாக இருந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எல்ஜி என்ற வரிசையை உண்டாக்கினார், மக்ஆர்தர் என்பவர் சிறிசுகளைப் பொறுக்கி எஸ்எம் உண்டாக்கினார். இரண்டுக்கும் எடையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த இரண்டையும் கலந்து எந்த மரபணு காரணம் என்று தேடப் போனவர்களுக்கு, குரோமோசோம் குரோமோசோமாகச் சின்னச் சின்னதாக எங்கும் கிடைத்தது, பெரிய ஆள் என்று ஒருவரும் கிடைக்கவில்லை.

கடைசியாக, உங்கள் கைடின் தலைப்புக்கு ஒரு தகவல். 2008-ல் பிலடெல்பியாவின் மோனெல் மையத்துக்காரர்கள் நாக்அவுட் எலிகளின் எடையை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தார்கள். உயிரோடு வளர்கிற நாக்அவுட் வரிசைகளில் 31 சதவீதம் எடை குறைவு, 3 சதவீதம்தான் எடை கூடுதல். மூன்றுக்கு ஒன்று இளைக்கிறது! வண்டியில் எந்த போல்ட்டைக் கழற்றினாலும் வேகம் கொஞ்சம் குறையும். அதனால் ஒவ்வொரு போல்ட்டும் ஆக்சிலரேட்டர் ஆகிவிடாது.

கை வலிக்கிறது. நான்கு சகோதரர்கள் கதைக்கு நாளை வருகிறேன்.

நெய்தல்
வியாழன், அதிகாலை 2:20

கூண்டுக்காரர் ஐயா சொன்னதில் குளிரைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார், எனக்கு அதுதான் வேலை. வடக்கே ஒரு குளிர் நாட்டில் போஸ்ட்டாக், உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பில் ஆராய்ச்சி.

நம் அனிமல் ஹவுஸ் எல்லாம் 22 டிகிரி. அது கோட் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதனுக்கு வசதி. சுண்டெலிக்கு வசதியான வெப்பம் 30 டிகிரி வாக்கில். 22-ல் அது நாள் முழுக்கச் சாப்பாட்டை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறது. யுசிபி1 என்ற மரபணு அந்தக் கணப்பு அடுப்பு. அதை நீக்கினால் எலி குண்டாகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். 1997-ல் நீக்கிப் பார்த்தார்கள், ஆகவில்லை. பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. 2009-ல் ஸ்டாக்ஹோமில் அதே நாக்அவுட்டை 30 டிகிரியில் வைத்தார்கள். குண்டானது. மரபணுவில் ஒரு எழுத்து மாறவில்லை, சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

மதி, ஒரு கூண்டில் எத்தனை எலி வைக்கிறீர்கள்? நாக்அவுட் நான்கு நான்காகவும், வாங்கியவை இரண்டிரண்டாகவும் இருந்தால் ஒன்று குவிந்து படுக்கிறது, மற்றது நடுங்குகிறது. கூண்டு எந்த ராக்கில், ஏசி காற்று வரும் பக்கமா என்றும் பாருங்கள்.

கூண்டுக்காரர்
வியாழன், மாலை 5:30

நெய்தல் தம்பி, 30 டிகிரி எலிக்கு சரி. அந்த அறையில் கவுன், முகக்கவசம், இரட்டைக் கையுறையோடு 200 கூண்டு மாற்றிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ஆனால் நீங்கள் சொன்னது உண்மை, மேல் ராக் எலியும் கீழ் ராக் எலியும் ஒன்றாக இருப்பதில்லை.

நான்கு சகோதரர்கள். மதி அம்மா, இது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. ஜெர்மனியில் கேர்ட்னர் என்பவர் 30 வருடம் மல்லுக்கட்டினார். உள்ளினச் சேர்க்கையில் ஒரே மாதிரி ஆக்கிய எலிகள், ஒரே மாதிரி கூண்டு, ஒரே தீனி, ஒரே வெளிச்சம். எல்லாவற்றையும் இறுக்கப் பிடித்தும் எடையின் சிதறல் பெரிதாகக் குறையவில்லை. 1990-ல் எழுதினார்: மரபணு ஒன்று, சூழல் ஒன்று, இவை போக மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்கிறது, சிதறலில் பெரும் பங்கு அதனுடையது. கருவை இரண்டாகப் பிளந்து இரட்டையர் உண்டாக்கியும் பார்த்தார். கரு உருவாகிற ஆரம்பத்திலேயே ஏதோ பிரிந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. பின்னாட்களில் டிரிம்28 என்ற மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள எலிகளை வைத்து ஜெர்மனியிலேயே இன்னொரு குழு காட்டியது இன்னும் வேடிக்கை: ஒரே மரபணு உள்ள எலிகள் ஒல்லி, குண்டு என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. நடுவில் ஆள் குறைவு.

ஆகவே 19.8-க்கும் 23.4-க்கும் காரணம் தேடி அலைய வேண்டாம். ஆனால் அற்பக் காரணங்களை முதலில் கழித்துவிடுங்கள். 19.8 எலியின் முதுகில், வால் அடியில் கடி காயம் இருக்கிறதா? ஆண்கள் கூண்டில் ஒருவன் ரவுடி, ஒருவன் அடி வாங்குகிறவன், அடி வாங்குகிறவனுக்குத் தீனிக் கம்பிக்குப் பக்கத்தில் போகவே பயம். எத்தனை மணிக்கு எடை போடுகிறீர்கள்? எலி ராத்திரி தின்னும். காலை 8 மணிக்கு வயிறு நிரம்பியிருக்கும், மாலை 4 மணிக்குக் காலி. ஒரு கிராம், சில சமயம் அதற்கு மேலும் இதிலேயே போய்விடும்.

எங்கள் இடத்தில் ஒரு பையன் ஒரு கூண்டு முழுக்க ஒரே ராத்திரியில் 2 கிராம் குறைந்ததை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று ஆடிக்கொண்டே வந்தான். போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூக்கில் உள்ள குண்டு சிக்கிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினேன், ஐந்தும் ஓடி வந்து வரிசையில் நின்று குடித்தன. பையன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த பாட்டிலை மாட்டியது என் ஆள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது: நாக்அவுட்டை 6ஜேயோடு சேருங்கள். பிறக்கிற ஹெட் (ஒரு பிரதி மட்டும் நீங்கிய) ஆணையும் ஹெட் பெண்ணையும் ஜோடியாக்குங்கள். அதே வயிற்றில் நாக்அவுட்டும் சாதாரணமும் பிறக்கும், ஒரே பாலைக் குடிக்கும், ஒரே கூண்டில் வளரும். அதுதான் கன்ட்ரோல். காது ஓட்டை எண்ணை மட்டும் பார்த்து எடை போடுங்கள், எது எது என்பது வேறொருவர் நோட்டில் இருக்கட்டும்.

மதிவதனி
வெள்ளி, இரவு 10:05

ஐயா, படித்துவிட்டு மூன்று முறை போய் வந்தேன். எடை போட்ட நேரம்: வாங்கிய எலிகள் காலை ஒன்பதரை. நாக்அவுட், மரபணுவைச் சரிபார்க்கும் பிசிஆர் சோதனையை முடித்துவிட்டு மூன்றரை மணிக்கு. 19.8 எலியின் வால் அடியில் இரண்டு தழும்பு. தலையில் அடித்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்தால் நான்கில் ஒன்று நாக்அவுட், அதில் பாதி ஆண். 12 ஆண் நாக்அவுட் வேண்டுமானால் 96 குட்டி. லிட்டருக்கு 7 என்றால் 14 லிட்டர். எதிக்ஸ் கமிட்டியில் எண்ணிக்கையைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். கைடிடம் சொன்னேன். "அப்போ டைட்டில்?" என்றார். மோனெல் கணக்கைச் சொன்னதும் ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, சரி செய் என்றார்.

மதிவதனி
பதினோரு மாதம் கழித்து

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா?

முடிவு வந்துவிட்டது. 14 லிட்டர். ஆண் நாக்அவுட் 11, சராசரி 23.0. கூடப் பிறந்த சாதாரண ஆண்கள் 13, சராசரி 23.8. லிட்டரையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் நிற்கவில்லை. 3.3 கிராம் 0.8 ஆகிவிட்டது.

ஆனால் ஐயா சொன்ன தாய் விஷயம் மனதில் நின்றுவிட்டது. இந்த ஹெட் ஜோடிகளுக்குப் பிறந்த நாக்அவுட் மகள்களை எடுத்து ஹெட் ஆண்களோடு சேர்த்தேன். குட்டிகளில் பாதி ஹெட், பாதி நாக்அவுட். இதுவரை ஐந்து லிட்டர். ஹெட் ஆண்கள் சராசரி 21.6, நாக்அவுட் ஆண்கள் 21.4. இரண்டுமே இளைத்திருக்கின்றன! குட்டியிடம் மரபணு இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. தாயிடம் இல்லாவிட்டால் போதும்.

பிவால்யூ
அதே நாள், இரவு 9:30

பார்க்கிறோம். ஐந்து லிட்டர் போதாது, ஆனால் இது நல்ல ஐந்து.

கொண்டாடுவதற்கு முன் ஒன்று. அந்தக் குட்டிகள் எல்லாமே நீக்கப்பட்ட பிரதியைத் தாயிடமிருந்து வாங்கியவை. உங்கள் மரபணு இம்ப்ரிண்டிங் (பெற்றோரில் ஒருவர் தரும் பிரதி மட்டும் வேலை செய்வது) உள்ளதாக இருந்து, தாய் தரும் பிரதி மட்டும் வேலை செய்வதாக இருந்தால், ஹெட் குட்டியும் நாக்அவுட் மாதிரிதான் நடக்கும். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுவில் இதன் தலைகீழ்: 1991-ல் காட்டியது, அப்பாவிடமிருந்து கெட்ட பிரதி வந்தால் குட்டி சாதாரணத்தில் சுமார் 60 சதவீத அளவு, அம்மாவிடமிருந்து வந்தால் ஒன்றும் ஆகாது. ஹெட் தாயைச் சாதாரண ஆணோடு சேர்த்துப் பாருங்கள். கூடப் பிறந்தவற்றில் ஹெட் மட்டும் இளைத்தால் இம்ப்ரிண்டிங். எல்லாம் ஒன்று போல இருந்தால் தாயின் வயிறோ பாலோ.

கூண்டுக்காரர்
மறுநாள், காலை 6:10

வயிறா பாலா என்பதற்குக் குட்டிகளை மாற்றி வையுங்கள். ஒரே நாளில், முடிந்தால் ஒரு நாள் முன்பின், ஈன்ற ஒரு நாக்அவுட் தாயையும் ஒரு சாதாரணத் தாயையும் எடுங்கள். இரண்டு பக்கமும் ஏழு ஏழு குட்டியாகச் சமன் செய்யுங்கள். பாதிக் குட்டிகளை அங்கும் இங்கும் மாற்றுங்கள், மீதிப் பாதி சொந்தத் தாயிடமே இருக்கட்டும்.

கையுறையைப் புதிதாகப் போட்டு, முதலில் வளர்ப்புத் தாயின் கூட்டுத் தூளில் கையை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். குட்டியையும் அந்தத் தூளில் ஒரு புரட்டு புரட்டி, அவள் குட்டிகளுக்கு நடுவில் வையுங்கள், மேலே வைக்காதீர்கள். தாயை அந்த நேரம் வேறு டப்பாவில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து விடுங்கள். அவசரப்பட்டால் தின்றுவிடுவாள். வாசனை திரவியம் போட்டுக்கொண்டு அறைக்குள் போகாதீர்கள்.

மறுநாள் காலை குட்டிகளைத் தொடாமல் வயிற்றை மட்டும் பாருங்கள். தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்திருந்தால் இடது பக்கம் வெள்ளையாகத் தெரியும்.

மதிவதனி
நான்கு நாள் கழித்து, காலை 8:20

நேற்று மாலை மாற்றி வைத்தேன். கை நடுங்கியது. இரண்டு தாய்களும் பத்து நிமிடம் மோந்து பார்த்துவிட்டு எல்லாக் குட்டிகளையும் இழுத்துத் தங்கள் அடியில் போட்டுக்கொண்டன.

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். சாதாரணத் தாயின் கூண்டில் ஏழு வயிற்றிலும் வெள்ளை. நாக்அவுட் தாயின் கூண்டில் ஏழும் உயிரோடு இருக்கின்றன, நான்கில் வெள்ளை, இரண்டில் மெல்லிய கோடு, ஒன்றில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்று எது என்று தெரியாது, கால்விரல் அடையாள நோட்டு ஜூனியர் பெண்ணிடம் இருக்கிறது, நான் கேட்கவும் மாட்டேன். மூன்று வாரம் கழித்து எடையோடு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு, எல்லாவற்றையும்.